தாய் சிரித்தாள், நலம்

காயல்பட்டணத்தில் பெண்கள் நடப்பதற்கென்றே தனி வழி உண்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், ஒரு ஆள் தாராளமாகவும் இரண்டு ஆள் ஒருக்களித்தும் போகக்கூடிய சந்து அது. முடுக்கு என்பார்கள். ஆண்கள் தெருவோடு போவார்கள், பெண்கள் முடுக்கோடு போவார்கள், ஊர் அமைதியாக இருக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்துவைத்த புண்ணியவான்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். வேதமணியின் குடையை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

அது ஆண்பிள்ளைக் குடை. கறுப்புத் துணி, வளைந்த பிரம்புப் பிடி. ஜில்லா போர்டு மிட்வைஃப் ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு நடந்தால் போர்டின் மரியாதை என்ன ஆவது என்று வேதமணி நினைத்தாள். ஆகவே விரித்தபடியேதான் முடுக்குக்குள் நுழைவாள். நாலு எட்டு வைப்பதற்குள் குடைக் கம்பி சுவரில் மாட்டும். இழுப்பாள். மறுபக்கச் சுவரில் மாட்டும். அந்த உரசல் சத்தம் கேட்டதுமே இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களும், "நர்சம்மா வாரா" என்று அடுப்பில் வெந்நீர் வைத்துவிடுவார்கள். அவள் வந்து சேரும்போது வெந்நீர் கொதித்திருக்கும். அந்த மட்டில் குடையால் லாபம்தான்.

வேதமணி உடன்குடிப் பக்கத்துக்காரி. செம்மண் தேரியில் பனையேறியின் மகளாகப் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, பதினெட்டு வயதில் கல்யாணமாகி, பத்தொன்பதில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்தவள். ஒரு வருஷம் அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்க்கும் படிப்பில் சேர்ந்தாள். முதலாவதாகத் தேறினாள். அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, இயேசுநாதர் படத்துக்கு ஒரு விரற்கடை கீழே மாட்டியிருந்தாள். ஒரு விரற்கடைதான்.

உலகச் சண்டை முடிந்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் ஆட்கள் கப்பலேறத் தொடங்கிய வருஷம் அவளைக் காயல்பட்டணத்துக்கு மாற்றினார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பாடப்புத்தகத்தைக் கைப்பையிலிருந்து இறக்கியதே இல்லை. ஒன்பது பெற்ற பெண்களிடமும் போய், பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் ஏதாவது மறுத்துப் பேசினால், "புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு" என்பாள். அதற்கு மேல் யார் பேச முடியும்? "நர்சம்மாவுக்கு எத்தன பிள்ளை?" என்று யாராவது குறும்பாகக் கேட்டால், "நானூத்திப் பன்னெண்டு" என்று ரிஜிஸ்தரைத் தட்டிக் காட்டுவாள்.

அந்தப் புத்தகத்தில் தொப்புள்கொடிக்கு மூன்று பக்கம் இருந்தது. வெந்நீரின் சூட்டுக்கு ஒரு பக்கம். பிள்ளையின் மலத்தின் நிறத்துக்கு ஒன்றரைப் பக்கம். தாயின் மனதுக்கு ஒரே ஒரு வரி இருந்தது: 'பிரசவித்த தாய் உற்சாகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.' எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போடவில்லை. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. வேதமணி அதைப் போர்டு உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். நாக்கை நீட்டு என்று சொல்லும் அதே குரலில், "உற்சாகமா இரு" என்பாள். அதற்குப் பிறகும் ஒருத்தி அழுதால் வயிற்றில் வாயு என்று பொருள். விளக்கெண்ணெய் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவள்தான் பின்னாளில், பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டில் பக்கம்கூடத் திரும்பாமல், தாயின் பக்கத்தில் போய் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்று பேர் எடுத்தாள். வேதமணி வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்பதை ஊர் நம்பவே ஒரு வருஷம் ஆயிற்று. அந்த மாற்றம் ராஹிலாவின் வீட்டில் நடந்தது.

ராஹிலாவுக்குப் பதினெட்டு வயது. புருஷன் மூஸா நெய்னா கொழும்பில் முத்தும் கல்லும் விற்கும் கடையில் இருந்தான். அவள் நாலு மாசமாக இருக்கும்போது சபர் போனவன். சபர் என்றால் அங்கே கடல் கடந்து பிழைக்கப் போவது; போனால் இரண்டு மூன்று வருஷத்துக்குத் திரும்ப மாட்டார்கள். அந்த ஊர் வழக்கப்படி பெண் கல்யாணமானாலும் பிறந்த வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவான். ஆகவே ராஹிலாவைப் பார்த்துக்கொண்டது அவள் உம்மா பதுருன்னிஸா.

பதுருன்னிஸாவுக்கு முப்பத்தேழு வயது. மெலிந்த உடம்பு, பெரிய குரல். வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதிலிருந்து யார் எப்போது சிரிக்க வேண்டும் என்பது வரை எல்லாம் அவள் பொறுப்பு. வேதமணிக்கு அவளை ரொம்பவும் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

பிரசவம் நல்லபடி நடந்தது. பெண்பிள்ளை. ருகையா என்று பேர் வைத்தார்கள். வேதமணி ரிஜிஸ்தரை விரித்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தாள். படிப்பு என்று ஒரு கட்டம்.

"தமிழ் வாசிப்பியாம்மா?" என்று கேட்டாள்.

ராஹிலா இல்லை என்று தலையசைத்தாள். வேதமணி முத்து முத்தான கையெழுத்தில், 'எழுதப் படிக்கத் தெரியாது' என்று எழுதினாள்.

இது சுத்தப் பொய். ராஹிலா ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அடுத்த முடுக்கில் இருந்த ஓதும் வீட்டில் படித்தவள். குர்ஆன் ஓதுவாள். அதோடு அரபு எழுத்தை வைத்துக்கொண்டு தமிழையே எழுதுவாள், வாசிப்பாள். அரபுத் தமிழ் என்பது அதற்குப் பேர். பேச்சு நம் பேச்சுதான். சோறு என்று எழுதினால் சோறு என்றுதான் வாசிக்க வேண்டும். எழுத்து மட்டும் அரபு, வலது பக்கமிருந்து வரும். அந்த ஊர்ப் பெண்கள் கொழும்புக்குக் கடிதம் எழுதுவதும், கறிச் சாமானுக்குச் சீட்டு எழுதுவதும், நாத்தனாரைப் பற்றிக் கோள் எழுதுவதும் அதில்தான். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் பெண்பிள்ளைகள் கண்டவனுக்குக் கடிதம் எழுதிவிடுவார்கள் என்று பெரியவர்களுக்குப் பயம். அரபு எழுத்தில் எழுதினால் கண்டவனுக்கு வாசிக்கத் தெரியாதே என்ற தைரியம்.

வந்து ஒன்பது மாசம்தான் ஆகியிருந்த வேதமணிக்கு இது தெரியாது. அரபு எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் அது வேதம் என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் 'நோயாளி வீட்டில் தெரியாது என்று சொல்லாதே' என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவள் எல்லாப் பாடத்தையும்விட நன்றாகப் படித்திருந்தாள். முதல் வாரத்தில் ஒரு நாள், வெந்நீர் ஆறும்வரை சும்மா இருக்க முடியாமல், மாடத்தில் இருந்த ஒரு அரபு எழுத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"நர்சம்மாவுக்கு இதெல்லாம் வாசிக்கத் தெரியுமா?" என்று பதுருன்னிஸா கேட்டாள்.

வேதமணி நாலு பக்கம் புரட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள். ஒரு இடத்தில் விரலை வைத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். "ரொம்ப நல்ல புஸ்தகம்" என்று மாடத்திலேயே திருப்பி வைத்தாள். அவள் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டியதைப் பதுருன்னிஸா பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கட்டிலில் கிடந்த ராஹிலாவுக்குத் தலையாட்டியது மட்டும்தான் தெரிந்தது. இவ்வளவு படித்தவளுக்கு நம் எழுத்துமா தெரியாமல் இருக்கும் என்று அவள் நம்பிவிட்டாள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். தொட்டிலை எட்டிப் பார்த்ததும் முதல் கேள்வி, "பொம்பளப் பிள்ளையா?" இரண்டாவது பேச்சு வீடு. அந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அவளுக்கென்று ஒரு வீடும் கொடுக்க வேண்டும். எனவே பெண் பிறந்த அன்றே கொத்தனார் வேலை மனதுக்குள் தொடங்கிவிடும்.

"மூஸா நெய்னா இனி இன்னும் ரெண்டு சபர் கூடுதலாப் போவணும்" என்று ஒருத்தி சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வழக்கமாகச் சொல்லும் விளையாட்டுப் பேச்சு. ராஹிலா மட்டும் படுத்துக்கொண்டு, ரெண்டு சபர் என்றால் ஆறு வருஷம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் சிரிக்காததை வந்தவர்கள் கவனித்துவிடக் கூடாது என்பது பதுருன்னிஸாவின் கவலை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு அடியில் கையை விட்டு மகளின் தொடையைக் கிள்ளுவாள். "சிரிளா. மாமியா வீட்டு ஆளுக வந்திருக்காங்க, அழுமூஞ்சியா கெடக்கிற" என்று பல்லுக்குள்ளேயே சொல்லுவாள். நாற்பதாவது நாள் தலைக்கு ஊற்றும் சடங்குக்கு மூஸா நெய்னாவின் சொந்தபந்தம் முழுவதும் வரும். அதற்குள் மகள் முகத்தில் சிரிப்பைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பதுருன்னிஸா, வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போல, நாள் குறித்து வேலை பார்த்தாள்.

ராஹிலா சாப்பிடவில்லை. பிள்ளை தூங்கும்போதும் தூங்கவில்லை. பிள்ளை அழும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வேதமணி நாடி பிடித்தாள், காய்ச்சல் பார்த்தாள், ஒன்றும் இல்லை. "உற்சாகமா இருக்கணும்மா" என்றாள். பத்தாம் நாள் விளக்கெண்ணெய் கொடுத்தாள். பதினேழாம் நாள் கொடுத்தாள். மூன்றாம் தடவை கொடுத்தபோது விளக்கெண்ணெய்க்கே வெட்கமாக இருந்திருக்கும்.

இருபத்தெட்டாம் நாள் வேதமணி போனபோது, பதுருன்னிஸா அடுக்களையில் காயம் கிண்டிக்கொண்டிருந்தாள். சுக்கு, மிளகு, பூண்டு, கருப்பட்டி எல்லாம் போட்டுப் பிள்ளை பெற்றவளுக்கு உருண்டை பிடித்துக் கொடுக்கும் மருந்து அது. கிண்டத் தொடங்கினால் கரண்டியை விட்டு வர முடியாது. அறையில் வேறு யாரும் இல்லை. ராஹிலா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வேதமணியின் கையில் வைத்தாள்.

வேதமணி தாளைப் பிரித்தாள். ஒரு பக்கம் முழுக்க நெருக்க நெருக்கமாக அரபு எழுத்து.

"பிள்ளைக்காக எழுதுனியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா. பிள்ளைக்காகத்தான்" என்றாள் ராஹிலா. அவள் பேசி நாலு நாள் ஆகியிருந்தது.

வேதமணிக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண், எப்படியோ வேத வசனத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள், பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று! தாயத்து, மந்திரித்த கயிறு எல்லாம் வேதமணியின் சபையில் ஆகாது. ஆனாலும் இன்னொருவர் வேதத்துக்கு மரியாதை செய்யாதவள் அல்ல அவள். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழகாக எட்டாக மடித்தாள். பிள்ளையின் மூத்திரம் பட்டுவிடக் கூடாதே என்று கைப்பையிலிருந்து மெழுகுசீலையில் ஒரு துண்டு கத்தரித்தாள். தாளை உள்ளே வைத்து, ஊசியில் நூல் கோத்து, மிஷன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மாவே பாராட்டிய தையலால் நான்கு பக்கமும் தைத்தாள். பதினாறு தையல். தொட்டில் கயிற்றில் கட்டினாள். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"இனி ஒண்ணும் பயமில்ல" என்றாள்.

ராஹிலா இதையெல்லாம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் கட்டில் ஆடும்படி. பின்னாளில், மூன்று பிள்ளைக்கு உம்மாவான பிறகு, இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லும்போதும் இந்த இடத்தில் அவள் சிரிப்பாள். அது வேறு சிரிப்பு. அன்றைக்குச் சிரித்தது அதுவல்ல. முங்குகிறவள் கையை நீட்டுகிறாள், கரையில் நிற்கிறவள் அந்தக் கைக்கு மோதிரம் போட்டுவிட்டுப் போகிறாள். அதற்கு வேறு என்ன செய்ய முடியும்?

சத்தம் கேட்டுப் பதுருன்னிஸா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். மகள் சிரிப்பதைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. "என் ராசாத்தி சிரிச்சிட்டா! நர்சம்மா, ஒங்க கைராசிதான்" என்று வேதமணிக்கு நாலு காய உருண்டை இலையில் கட்டிக் கொடுத்தாள். தொட்டிலில் தொங்குவதைப் பார்த்து, "இது என்ன?" என்றாள். "ஒங்க மக பிள்ளைக்காக எழுதுனது. பிரிச்சிராதீங்க லாத்தா, தெச்சிருக்கேன்" என்றாள் வேதமணி. பதுருன்னிஸா பிரிக்கவில்லை. தாயத்தை யாராவது பிரிப்பார்களா?

வேதமணி ரிஜிஸ்தரில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினாள்: 'தாய் சிரித்தாள். நலம்.' எழுதி அடியில் கோடும் போட்டாள். காய உருண்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு முடுக்கில் இறங்கினாள். அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான மனுஷி தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரை கிடையாது.

ஐந்து நாள் கழித்து, உச்சி வெயிலில், அந்த வீட்டில் நெல் குத்தும் சுடலைமாடத்தி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"நர்சம்மா, ஒங்கள கையோட கூட்டியாரச் சொன்னாவ. பிள்ள பெத்த சின்னம்மா கெணத்தடியில போயி நிக்காவ. வாளிக் கயிறப் பிடிச்சுக்கிட்டு உள்ள பாத்துக்கிட்டே நிக்காவ. கூப்பிட்டா திரும்பல. உம்மா போயி இடுப்பப் பிடிச்சுக் கொண்டாந்து படுக்க வெச்சிருக்காவ."

வேதமணி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். முடுக்கு வந்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே புத்தகத்தின் பக்கங்களை மனதுக்குள் புரட்டிக்கொண்டு போனாள். தொப்புள்கொடி வந்தது, வெந்நீர் வந்தது. கிணற்றடியில் நிற்கும் தாய் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

அறையில் ராஹிலா கட்டிலில் கிடந்தாள். பதுருன்னிஸா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"ஜின்னு பிடிச்சிருக்குன்னு சொல்லுதாங்க, நர்சம்மா" என்றாள். "ஓதிப் பாக்கணும்னு சொல்லுதாங்க. ஓதுனா ஊருக்கே தெரிஞ்சிரும். மாப்பிள்ளை வீட்டுல கிறுக்கின்னு சொல்லி விட்டுட்டா, இவ கெதி என்ன?"

வேதமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாடியைப் பிடிக்கவில்லை. உற்சாகமாக இரு என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, வந்த வழியே திரும்பிவிட்டது. "என்னம்மா செய்யுது ஒனக்கு?" என்று மட்டும் கேட்டாள். முப்பத்துமூன்று நாளில் அந்தக் கேள்வியை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

ராஹிலா அவளைப் பார்த்தாள். "எழுதிக் குடுத்தேனே" என்றாள். "நீங்க வாசிக்கலியா?"

"அது வேதம்லா. எனக்கு எங்க அரபு தெரியும்?"

"அது அரபு இல்ல" என்றாள் ராஹிலா. "தமிழு."

வேதமணிக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது. தொட்டிலில் தொங்கிய மெழுகுசீலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். பதினாறு தையலும் கண்ணில் தெரிந்தன.

"நீங்க அன்னைக்குப் புஸ்தகத்த வாசிச்சு நல்லாருக்குன்னு சொன்னீங்க. அதான் எழுதுனேன்" என்றாள் ராஹிலா.

"எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாதும்மா" என்றாள் வேதமணி. "சும்மா தலைய ஆட்டுனேன்." அவள் வாழ்க்கையில் நானூற்றுச் சொச்சம் பிள்ளைகளை வெளியே எடுத்திருக்கிறாள். எதுவும் இந்த வாக்கியம் அளவுக்குக் கஷ்டப்படுத்தவில்லை.

கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். தையலை வெட்டினாள். டாக்டரம்மா பாராட்டிய தையல் லேசில் விடவில்லை. கடைசியில் தாள் வெளியே வந்தது. அதை விரித்துக் கையில் வைத்துக்கொண்டு, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா நேராகப் பிடித்திருக்கிறோமா என்பதுகூடத் தெரியாமல் நின்றாள். தமிழ், தன் தாய்மொழி, கையில் இருக்கிறது. ஒரு பெண் தன் உயிரை அதில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதலாவதாகத் தேறியவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"நீயே வாய்விட்டுச் சொல்லிரேன்" என்று கெஞ்சினாள்.

"வாயால வந்தா நான் ஏன் எழுதப் போறேன்?"

"குடுங்க" என்றாள் பதுருன்னிஸா.

ராஹிலா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "உம்மாட்ட குடுக்காதீங்க!" என்றாள். யாருக்குத் தெரியக் கூடாது என்று எழுதினாளோ, அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் அந்த ஒருத்திதான். வேதமணி தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். கொடுத்தால் இந்தப் பெண் மறுபடி வாயே திறக்கமாட்டாளோ என்று பயமாக இருந்தது. கொடுக்காவிட்டால் நாளைக்கு இவள் மறுபடி கிணற்றடிக்குப் போவாள். இரண்டில் எது சரி என்று சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. கொடுத்தாள். ராஹிலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பதுருன்னிஸா வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசித்தாள்.

"நர்சம்மா அவர்களுக்கு ராஹிலா எழுதிக்கொண்டது. எனக்குக் காய்ச்சல் இல்லை. வயிற்றிலும் ஒன்றும் இல்லை. விளக்கெண்ணெய் வேண்டாம்."

வேதமணி தரையைப் பார்த்தாள்.

"பிள்ளை அழுதால் யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிற மாதிரி இருக்கிறது. தூக்கு என்கிறார்கள், தூக்குகிறேன். பால் கொடு என்கிறார்கள், கொடுக்கிறேன். என் பிள்ளை என்று மனதில் வரவில்லை. இப்படி ஒரு உம்மா உலகத்தில் இருப்பாளா என்று நினைத்து அழுகிறேன். அழுதால் பால் வற்றும் என்கிறார்கள், அதற்காகவும் அழுகிறேன். மச்சானுக்கு எழுதலாம் என்றால், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆண்பிள்ளைக்கு நல்ல சேதிதான் எழுத வேண்டும் என்று உம்மா சொல்கிறார்."

பதுருன்னிஸா தாளைச் சன்னலுக்கு இன்னும் நெருக்கிப் பிடித்து மேலே வாசித்தாள்.

"உம்மா மேல் எனக்குக் குறை இல்லை. அவர் நல்லவர். அவருக்கு இப்படியெல்லாம் வந்திருக்காது, அதனால் தெரியாது. கிணற்றுப் பக்கம் போகப் பயமாக இருக்கிறது. போகவும் தோன்றுகிறது. என்னையும் பிள்ளையையும் தனியாக விடக்கூடாது என்று நீங்கள் சொன்னால் இவர்கள் கேட்பார்கள். ராஹிலா."

பதுருன்னிஸா தாளைத் திருப்பி, மறுபக்கத்தையும் வாசிக்கத் தொடங்கினாள்.

"முப்பத்தாறு நாளு நான் அந்தக் கெணத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். இந்தக் கட்டில்ல கெடந்துக்கிட்டு, இந்தச் சன்னல் வழியாத்தான். பிள்ளைக்குப் பேரு வெச்சாங்க. மூணு மாசம் அந்தப் பேர நான் வாயால சொல்லல. சொல்ல வரல. யார்ட்டயும் சொல்லிக்கிடல. சொன்னா கிறுக்கின்னு விட்டுருவாங்கன்னு பயந்து, வந்தவங்களுக்கெல்லாம் சிரிச்சேன். சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் நோவும். எப்பிடியோ ஒரு நாளு அது போயிட்டு. போனதும், சிரிச்சதுனாலதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வேதமணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து தாள் நன்றாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை. வெள்ளையாக இருந்தது, மெழுகுசீலையின் எண்ணெய்க் கறை மட்டும் ஓரத்தில் இருந்தது. அதை வாசிக்க அவளுக்கு எந்தப் படிப்பும் வேண்டியிருக்கவில்லை.

ராஹிலா முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"உம்மா" என்றாள். "இது நான் எழுதலையே."

பதுருன்னிஸா வெள்ளைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நீ எப்பிடிளா எழுதுவே? நீ அப்ப தொட்டில்ல கெடந்தே."